ஓசோன் பைக்குள் உன் அப்பாவின் கால்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கடை திறப்பு நோட்டீஸ் நேற்று வந்து சேர்ந்தது. எழுத்துப் பிழை இருந்தால் பார்த்துச் சொல்லும்மா என்று கேட்டிருந்தாய். திருச்சுழி தாலுகா ஆபீசுக்கு எதிரில் அத்தனை வருஷம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள் என்பதால், நம் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் என் கண்ணில் படாமல் எதுவும் அச்சுக்குப் போனதில்லை. உன் நோட்டீசையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, அது அரை நிமிஷ வேலை. ஆனால் நடுவில் உன் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் படத்துக்குக் கீழே, 'காலை எடுக்க வேண்டும் என்று கைவிரித்தார்கள். ஓசோன் காப்பாற்றியது' என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி. அதில் ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை. நான் உட்கார்ந்து எழுதுவது அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

போனில் பேசலாம்தான். பேசினால் நீ, 'அம்மா, உனக்கு இதெல்லாம் தெரியாது' என்பாய். நான், 'ஆமா, தெரியாதுதான்' என்று வைத்துவிடுவேன். பிறகு இரண்டு பேரும் ஒரு வாரத்துக்குச் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று மட்டும் விசாரித்துக்கொண்டிருப்போம். அடுத்த மாதம் கத்தார் ஏ.சி. மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வருகிறாய். பாளையம்பட்டியில் இடம் பிடித்தாகிவிட்டது. மெஷினுக்கும் சொல்லிவிட்டாய். இதுவரை நீ செய்த எந்தக் காரியத்துக்கும் நான் குறுக்கே நின்றதில்லை, நின்றாலும் நீ சுற்றிக்கொண்டு போயிருப்பாய். இப்போது நிற்கிறேன். உன் ஓசோன் சென்ட்டருக்கு வரப்போகிறவர்கள் மெஷினைப் பார்த்து வரமாட்டார்கள், உன் அப்பாவின் படத்தைப் பார்த்துத்தான் வருவார்கள். அவர்களுடைய கால்களை நம்பி உன் கையில் கொடுப்பார்கள். அந்தப் படத்தில் இருக்கிற கால் எப்படி ஆறியது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு நீயே முடிவு செய்.

முள் குத்தியதில் இருந்து சொல்கிறேன். பரளச்சிப் பக்கம் நம் கரிசல் காட்டு வரப்போரம் சீமைக்கருவேலை மண்டிவிட்டது என்று வெட்டப் போயிருந்தார். செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறியிருக்கிறது. சுகர் முற்றினால் காலில் உணர்ச்சி குறைந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, நான் அப்போதுதான் துடைத்துவிட்டிருந்த தரையில் நடந்துபோய் டி.வி. முன்னால் உட்கார்ந்தார். தரை நெடுக ஒற்றைக் காலின் தடம் மட்டும் சிவப்பாக விழுந்திருக்கிறது. 'என்னங்க, கால்ல ரத்தம்' என்று கத்தினால், குனிந்து பார்த்துவிட்டு, 'எங்கன மிதிச்சேன்னு தெரியலையே' என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் காலைப் பார்ப்பது போல அவ்வளவு சாவகாசம். முள்ளைப் பிடுங்கி, மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்து வைத்தேன். கொஞ்ச நாளில் பெருவிரலுக்கு அடியில் ஊதிக்கொண்டது, பிறகு வாடை வந்தது.

அருப்புக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். உன் வயதுகூட இருக்காது அந்த டாக்டர் பெண்ணுக்கு. சீழை எடுத்து, செத்த சதையை வெட்டித் துடைத்துவிட்டு, 'தினமும் கட்டுப் போடணும், காலை ஊனக்கூடாது, இன்சுலின் ஊசி போட்டே ஆகணும். கவனிக்காம விட்டா விரலை எடுக்கற மாதிரி ஆயிரும்' என்றாள். விரல் என்றுதான் சொன்னாள், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த விரல் சொந்தக்காரர்கள் வாயில் பாதமாகி, பிறகு அப்பாவை வைத்து எடுத்த வீடியோவில் கணுக்கால் வரைக்கும் ஏறி, உன் நோட்டீசில் முழுக் காலாகிவிட்டது. 'கைவிரித்தார்கள்' என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பெண் கையுறை போட்ட கையால் அவ்வளவு நேரம் சுத்தம் செய்தாள். கையை விரிக்க அவளுக்கு நேரம் ஏது?

ஊசி என்றதும் உன் அப்பா முகம் செத்துவிட்டது. நம் பக்கத்தில் ஊசிக்குப் போய்விட்டால் ஆள் கடைசிக் கட்டம் என்று ஒரு நினைப்பு உண்டல்லவா. மாத்திரை சாப்பிடுகிறவன் டீக்கடையில் உட்கார்ந்து பெருமையாகத் தன் சுகர் அளவைச் சொல்வான், ஊசி போடுகிறவன் வாயைத் திறக்கமாட்டான். பஸ்ஸில் வரும்போதே என்னிடம் சத்தியம் வாங்காத குறை. 'ஊசி போடுறத ஒருத்தர்கிட்டயும் சொல்லாத. தம்பிகிட்டயும் சொல்லாத, அங்கன இருந்துக்கிட்டு மனசொடிஞ்சு போவான்' என்றார். அதனால் உனக்கும் சொல்லவில்லை. ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டுக்குப் பின்னால் ஒரு பழைய டிபன் டப்பா இருக்கும், அதற்குள்தான் இன்சுலின். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் சட்டையைத் தூக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொள்வார், நான் வயிற்றில் குத்துவேன். கட்டுப் போடத் திருச்சுழி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்வந்தோம். கேட்டவர்களிடம் எல்லாம் 'சும்மா, முள்ளுக் காயம்' என்று சொல்லி வைத்தோம்.

அந்தச் சமயத்தில்தான் நீ கத்தார் ரூமில் உட்கார்ந்து வீடியோ வீடியோவாகப் பார்த்து, டவுனில் இருக்கிற அந்த ஓசோன் சென்ட்டரைக் கண்டுபிடித்தாய். 'அம்மா, நாளைக்கே கூட்டிட்டுப் போ' என்று ஒரே பிடிவாதம். நான் அதைக் குறை சொல்லவில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது செய்தாக வேண்டும் போல இருக்கும், கை சும்மா இருக்காது. இங்கே இருந்திருந்தால் நீ ஆட்டோவில் அவரைத் தூக்கி உட்கார வைத்திருப்பாய். அங்கே இருந்ததால் ஓசோனைக் கண்டுபிடித்தாய்.

போனோம். மாடியில் ஒரு ஹால், ஏ.சி. போட்டிருந்தார்கள். இந்த வாயுவால் என்னென்ன தீரும் என்று சுவர் முழுக்க எழுதியிருந்தது. சுகர், மூட்டுவலி, தோல் வியாதி, முடி கொட்டுவது, பிள்ளை இல்லாதது என்று ஆரம்பித்துக் கேன்சரில் போய் முடிந்தது. அருப்புக்கோட்டையில் இருக்கிற எல்லா ஆஸ்பத்திரிகளையும் சேர்த்தால்கூட இத்தனைக்கும் ஒரே மருந்து கிடையாது. வீட்டு இன்வெர்ட்டர் அளவுக்கு ஒரு மெஷின், பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். உன் அப்பாவின் காலை ஈரத்துணியால் துடைத்து, பெரிய பாலித்தீன் பைக்குள் விட்டு, முழங்காலுக்குக் கீழே ரப்பர் பட்டையால் இறுக்கினார்கள். மெஷினிலிருந்து ஒரு குழாய் பைக்குள் போயிற்று. பை மெள்ள மெள்ள உப்பிக்கொண்டு வந்தது. உள்ளே கால் தனியாக, கடையில் விற்பனைக்கு வைத்த சாமான் போலத் தெரிந்தது.

பட்டை ஓரத்தில் வாயு கொஞ்சம் கசிந்தது. அந்த வாசம் வந்ததும் உன் அப்பா கண்ணை மூடி மூச்சை நன்றாக இழுத்தார். 'இந்தா, இங்க பாரு. இது இடிமழ வாசம்டி. காட்டுல வெட்டி முழங்கிப் பேஞ்சு ஓஞ்ச பெறகு வருமே, அதேதான்' என்றார். முகமே மாறிவிட்டது. மானாவாரிக்காரருக்கு அந்த வாசம் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாடித் தலை தொங்கி நிற்கிற கொத்தமல்லியும் பருத்தியும் ஒரு இடிமழைக்கு மறுநாளே கருகருவென்று எழும். எத்தனை மூட்டை உரம் போட்டாலும் அந்தப் பச்சை வராது. பயிரை அப்படித் தூக்கிவிடுகிற வாயு ஒரு புண்ணை ஆற்றாதா என்று அவர் அந்த நாற்காலியிலேயே முடிவுகட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. வாய்க்கால் பாசனக்காரர் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், இது என்ன வாடை என்று கேட்டிருப்பார். வானத்தைப் பார்த்துப் பிழைக்கிற நம் ஆட்கள்தான் இதற்கு விழுவார்கள்.

எனக்கு அதே வாசம் என் ஜெராக்ஸ் கடையைக் கொண்டுவந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் சாதிச் சான்று, வருமானச் சான்று என்று மெஷின் ஓயாமல் ஓடும். இதே வாடைதான் கடைக்குள் கட்டிக்கொண்டு நிற்கும். தொண்டை கரகரக்கும், சாயங்காலம் தலை பாரமாகிவிடும். சர்வீசுக்கு வந்த மெக்கானிக் ஒரு தடவை, 'அக்கா, இது மெஷின்ல இருந்து வர்ற ஓசோனு. சன்னலத் தொறந்து வைங்க, மூச்சுக்கு ஆகாது' என்று சொல்லிவிட்டுப் போனார். அதை நினைத்துக்கொண்டு சென்ட்டர்காரரிடம் கேட்டேன், இது ஜெராக்ஸ் மெஷினில் வருவதுதானே என்று. அவர் கோபப்படவே இல்லை. சிரித்துக்கொண்டு, 'அது கெட்ட ஓசோன்மா, இது நல்ல ஓசோன்' என்றார். ஒரே பெயர், ஒரே வாடை, ஒன்று கெட்டது ஒன்று நல்லது. நான் இருமிக்கொண்டே சன்னல் பக்கம் போய் நின்றுவிட்டேன். என் இருமலை வைத்து அந்த வைத்தியம் பொய் என்று சொல்ல மாட்டேன். அதே போல உன் அப்பாவின் இடிமழையை வைத்து அது மெய் என்றும் சொல்ல முடியாது. இரண்டு பேரும் மூக்கை மட்டும்தான் உபயோகித்தோம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த சென்ட்டர்காரர் பொல்லாதவர் இல்லை. என்ன படித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, எல்லோரும் டாக்டர் என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஒரு முக்காலியைப் போட்டு உன் அப்பாவின் காலுக்கு முன்னால் தாழ உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, அந்த வாடையடிக்கிற காலை எடுத்து வைத்துக்கொள்வார். 'அய்யா, இன்னைக்கு எப்படி இருக்கு' என்று கேட்டுவிட்டுப் பதில் முழுவதையும் கேட்பார். ஆஸ்பத்திரியில் நம் முன்னால் நாற்பது பேர், பின்னால் நாற்பது பேர். நர்ஸம்மா கட்டைப் பிரித்து, துடைத்து, கட்டி, 'அடுத்தாளு' என்றுவிடுவார். புண் ஆறுவதற்கு அது போதும். மனதுக்குப் போதாது. உன் அப்பாவின் காலை என்னைத் தவிர இன்னொருவர் மடியில் எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. அந்த மரியாதைக்காகவே அவர் திரும்பத் திரும்பப் போனார். உன்னால் அவரிடம் கற்றுக்கொள்ள முடிந்தால் இதை மட்டும் கற்றுக்கொள்.

புண் ஆறியது. வாயுவும் போய்க்கொண்டிருந்தது, ஊசியும் போய்க்கொண்டிருந்தது, கட்டும் போட்டுக்கொண்டிருந்தோம், அவர் காலை ஊன்றாமல் கட்டிலில் கிடந்தார். ஒரே காட்டுக்கு இரண்டு பேர் உரம் போட்டால் விளைச்சல் யாரால் என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? சத்தம் போடாமல் வயிற்றில் ஏறிய ஊசிக்கு ஒருவரும் பேர் வைக்கவில்லை. வாசம் வந்ததற்குத்தான் பேர் கிடைத்தது. கடைசி நாள் சென்ட்டர்காரர் போனை எடுத்து நீட்டி, 'அய்யா, நாலு பேருக்குப் பிரயோஜனமா ரெண்டு வார்த்தை' என்றார். காலை மடியில் வைத்துப் பார்த்த மனிதர் முகத்துக்கு நேரே எப்படி முடியாது என்பது? உன் அப்பா தலையைச் சீவிக்கொண்டு, 'என் காலக் காப்பாத்துனது இந்த வாயுதான்' என்று பேசினார். அவர் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் பக்கத்தில் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். நீ அதைப் பார்த்து அழுததாகச் சொன்னாய்.

அந்த வீடியோவை இருளப்பன் சித்தப்பாவும் பார்த்தார். பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் பஞ்சர் கடையில் உட்கார்ந்து, டயர் கழற்ற வருகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் 'இது எங்க அண்ணன்' என்று போனைக் காட்டிக்கொண்டிருந்தார். உன் அப்பாவுக்கு அவர் ஒரே தம்பி, சுகரும் இரண்டு பேருக்கும் பங்கு பிரித்தது போல ஒரே அளவு. டயர் லீவர் விழுந்து அவருக்குக் கால் விரலில் காயம் பட்டபோது, உன் அப்பாவே கூட்டிக்கொண்டு போய் அந்த சென்ட்டரில் உட்கார வைத்தார். சித்தப்பா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கைவிரித்த பிறகு அண்ணன் அந்தப் பக்கமே போகவில்லை என்றுதானே அவர் நினைத்திருந்தார். கொஞ்ச நாளில் மாத்திரையையும் விட்டுவிட்டார். சென்ட்டர்காரர் நிறுத்தச் சொன்னாரா என்று பிறகு கேட்டேன். 'நிறுத்தச் சொல்லல மதினி, போகப் போகத் தேவப்படாதுன்னாக' என்றார். பை உப்பியது, வாசம் வந்தது, மரியாதையாகப் பார்த்துக்கொண்டார்கள். கால் மட்டும் கறுத்துக்கொண்டே போயிற்று. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள்.

உனக்கு நாங்கள் 'சித்தப்பாவுக்கு சுகர் முத்திப் போச்சு, காலை எடுத்துட்டாங்க' என்று மட்டும்தான் சொன்னோம். அது உண்மைதான், ஆனால் நடுவில் இவ்வளவும் நடந்தது. உன் அப்பா இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. பந்தல்குடிக்குப் போவார், தம்பிக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார், ரோட்டில் போகிற லாரிகளைப் பார்ப்பார், வந்துவிடுவார். ஓசோன் மேல் அவருக்கு நம்பிக்கை குறையவில்லை. 'அவன் லேட்டாப் போயிட்டான்' என்று ஒரு தடவை சொன்னார். சித்தப்பாவும் அதையே சொல்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். நேற்று உன் நோட்டீசைக் காட்டியதும் உன் அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தன் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உனக்கு இந்தத் தொழில் வேண்டாம் என்பது என் எண்ணம். உனக்கு மெஷின் என்றால் சின்ன வயதிலிருந்து ஒரு கிறுக்கு, கம்ப்ரசரும் குழாயும் பார்த்தால் சாப்பாடு மறந்துவிடும். அந்தக் கிறுக்குக்கு ஏ.சி. வேலையே இருக்கிறது. அருப்புக்கோட்டை வெயிலில் ஏ.சி. மெக்கானிக்குக்கு வேலைக்குப் பஞ்சமா? உன் வேலையில் தப்பு நடந்தால் வீடு குளிராது, அவ்வளவுதான், திட்டிவிட்டு மறுபடி கூப்பிடுவார்கள். இல்லை, ஓசோன்தான் என்று நீ நின்றால், அந்தச் சிவப்பு வரியை எடுத்துவிட்டு, 'ஊசி மாத்திரையை நிறுத்தாதீர்கள், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வாருங்கள்' என்று அதே சிவப்பில் போடு. அதற்குப் பிறகு எத்தனை பேர் படியேறி வருகிறார்கள் என்று பார். வருகிறவர்கள் வரட்டும்.

நேற்று இதுவரைக்கும் எழுதிவிட்டு, படித்துப் பார்த்துத் திருத்தி அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். இன்று மதியம் இருளப்பன் சித்தப்பா வந்தார். பந்தல்குடியிலிருந்து தனியாக ஆட்டோ பிடித்து, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, கையில் காராச்சேவு பொட்டலத்தோடு வந்து இறங்கினார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

'என்ன மதினி, மயன் கட தொறக்குறான், நமக்கு ஒரு வார்த்த இல்ல?'

'இன்னும் நாளே குறிக்கல தம்பி.'

'நீங்க மறைச்சா? நோட்டீசு எனக்கும் போட்டு விட்டுருக்கான்ல. ஸ்டேட்டசுல வச்சுட்டேன், லாரிக்காரனுகளுக்கெல்லாம் காட்டிட்டேன். கேட்டுக்கங்க, முதப் போணி நாந்தான். வேற ஆளு யாரையும் உக்கார வச்சிராதீக, ஆமா.'

நான் சிரித்துவிட்டேன். 'உங்களுக்கு அங்க என்ன வேல?' என்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். மிச்சம் இருக்கிற காலைத் திருப்பிக் காட்டினார். குதிகாலுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கழன்று, நடுவில் வெளுத்து, சுற்றிலும் சிவந்திருக்கிறது. எடை முழுவதும் அந்த ஒரு காலில்தானே. எவ்வளவு நாளாக என்றேன். 'அது இருக்கும் கொஞ்ச நாளா' என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்றேன்.

'போகல மதினி. மயன் கடைக்குன்னு வச்சிருக்கேன். போன தடவ வெளியாளுட்ட லேட்டாப் போயிக் கெட்டேன். இப்ப நம்ம வீட்டுப் புள்ள. சொந்தத்துல ஒருத்தன் முத ஆளா ஏறுனாத்தான் கட வெளங்கும்' என்று சொல்லிவிட்டு, காராச்சேவைப் பிரித்து எனக்குக் கொஞ்சம் நீட்டினார்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். ரத்த சொந்தத்தில் யார் கடை திறந்தாலும் முதல் போணி நம் கையால்தான் என்று போய் நிற்போம். மளிகைக் கடை என்றால் ஒரு கிலோ சீனி, ஜவுளிக் கடை என்றால் ஒரு துண்டு. உன் கடையில் போணி செய்ய ஒரு புண் வேண்டும். சித்தப்பா அதை ஆறவிடாமல் உனக்காக வைத்துக்கொண்டிருக்கிறார். இதில் அவருக்கு ஒரு துளி வருத்தம் இல்லை, சந்தோஷமாகச் சொல்கிறார்.

உன் அப்பா உள்ளே படுத்திருந்தவர் எழுந்து வந்து நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ தடவை சொல்லச் சொல்லிக் கேட்காதவர், தானாகவே சொன்னார். 'ஏலே இருளா, எனக்கு ஊசி போட்டுத்தாண்டா ஆறுச்சு. இன்னைக்கும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒங்க மதினிதான் போடுறா' என்றார். ஃப்ரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்து வந்து தம்பியின் பக்கத்தில் வைத்தார். சித்தப்பா டப்பாவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு சிரித்தார். 'சும்மா இருண்ணே. புள்ள முதப் போணிக்கி நான் காசு கொடுக்கணுமேன்னு வெக்கப்பட்டு என்னத்தையோ சொல்லுற' என்றார். நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னோம். அவர் கேட்கவில்லை. இத்தனை நாள் அவர் நம்பியது பொய் என்றால், போன கால் சும்மா போனது என்றாகிவிடும். அதை எப்படி ஒத்துக்கொள்வார்? 'மயன் வரட்டும், அவன் பாத்துக்கிருவான்' என்றுவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். ஆட்டோ திரும்பியதும் உன் அப்பா, 'அவன்ட்டச் சொல்லி அந்த நோட்டீசுல இருந்து என் படத்த எடுக்கச் சொல்லு' என்றார். திரும்பப் போய்ப் படுத்துவிட்டார். இன்னும் சாப்பிடவும் இல்லை.

இதுவரைக்கும் யாரோ ஒருவர் கதை போலத்தான் எழுதிக்கொண்டு வந்தேன், எனக்கு அதுதான் வரும். இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. நீ கடை திறக்க இன்னும் எத்தனை நாளோ, அந்தக் கால் அதுவரைக்கும் காத்திருக்காது. உன் கடையைப் பற்றிய பேச்செல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம், அதில் நீ என்னோடு சண்டையும் போடலாம். இந்தப் பக்கங்களைப் படம் எடுத்து இப்போதே அனுப்புகிறேன். படித்து முடித்ததும் எனக்குக் கூப்பிடாதே, சித்தப்பாவுக்குக் கூப்பிடு. போணி வேண்டாம், நாளைக் காலையிலேயே அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு போங்க என்று நீ சொல். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், அப்பா சொல்லிப் பார்த்துவிட்டார். உன் வார்த்தைக்குத்தான் கிளம்புவார். போனைச் சன்னல் திட்டில் சார்ஜரில் போட்டிருப்பார். ஊன்றுகோலைத் தேடி எடுத்து, எழுந்து, அந்தக் காலை ஊன்றி வந்து சேர அவருக்கு நேரமாகும். மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும், நீ வைத்துவிடாதே.

அம்மா